யாரு சொன்னா பாஸ்?

முதல்ல ஒரு சின்ன டெஸ்ட். பயப்படாதீங்க, இன்டர்னல் மார்க் எல்லாம் கிடையாது.

ராத்திரி பதினோரு மணி. கிளாஸ் வாட்ஸ்அப் குரூப்பில் ஒரு மெசேஜ் வந்து விழுகிறது. 'நம்ம ஹாஸ்டல்ல ஃபுட் பாய்சன். ரெண்டு பேர் செத்துட்டாங்க. மேனேஜ்மென்ட் மறைக்குது. உடனே எல்லாருக்கும் ஷேர் பண்ணுங்க!' நீங்க என்ன செய்வீங்க?

அ) அடுத்த செகண்டே பத்து பேருக்கு ஃபார்வர்டு.
ஆ) 'ஃபேக் மெசேஜ்டா, போய்த் தூங்குங்க' என்று ஒரு ரிப்ளை.
இ) போனைக் கவிழ்த்து வைத்துவிட்டுத் தூக்கம்.

டிக் பண்ணிட்டீங்களா? சாரி பாஸ், மூணுக்குமே ஜீரோதான். ஏன் என்று சொல்லத்தான் இந்த வாரம். காரணம், கிட்டத்தட்ட இதே பரீட்சையை நிஜமாகவே எழுதியவர்கள் இருக்கிறார்கள். உங்க வயசுக்காரர்கள். சென்னையிலிருந்து ஒரு மணி நேர பஸ் தூரத்தில்.

போன் செய்யும் ஊர்

சென்னை - பெங்களூரு நெடுஞ்சாலையில் பூந்தமல்லியைத் தாண்டிப் போனால் இருங்காட்டுக்கோட்டை, ஸ்ரீபெரும்புதூர், சுங்குவார்சத்திரம் என்று வரிசையாக ஃபேக்டரிகள். தெற்கே திரும்பினால் ஒரகடம். இந்தப் பக்கம் கார், அந்தப் பக்கம் லாரி, நடுவில் புல்லட் என்று எல்லாமே தயாராகிற ஏரியா. உங்க அப்பா முதன்முதலில் வாங்கிய நோக்கியா செட் ஞாபகம் இருக்கிறதா? அது ஸ்ரீபெரும்புதூரில் செய்ததாகவே இருக்கலாம். 2006-ல் உற்பத்தியைத் தொடங்கிய அந்த ஃபேக்டரி, 2014 நவம்பரில் மூடப்பட்டது. இன்று அதே வட்டாரத்தில்தான் சுங்குவார்சத்திரம் ஃபாக்ஸ்கான் ஆலையில் ஐபோன் தயாராகிறது.

செய்கிற கைகள் யாருடையது? பெரும்பாலும் பிளஸ் டூவோ, டிப்ளமோவோ முடித்துவிட்டு நேராக வேலைக்கு வந்த பெண்கள். பதினெட்டு, பத்தொன்பது, இருபது வயசு. உங்க ஸ்கூல் பெஞ்ச்மேட்கூட அங்கே இருக்கலாம். நீங்க காலேஜ் பஸ் ஏறின அதே ஜூன் மாசம், அவள் கம்பெனி பஸ் ஏறியிருப்பாள். ஊரை விட்டு வந்து ஹாஸ்டலில் தங்கி, ஷிஃப்ட் முடிந்து வந்ததும் வீட்டோடும் தோழிகளோடும் பேச அவளுக்கு இருக்கிற ஒரே ஜன்னல், கையில் இருக்கும் அந்தப் போன்தான்.

2021 டிசம்பர் 15. பூந்தமல்லி அருகே இருந்த ஃபாக்ஸ்கான் தொழிலாளர் விடுதி ஒன்றில் சாப்பிட்டவர்களுக்கு வாந்தி, வயிற்றுப்போக்கு. 250-க்கும் மேற்பட்ட பெண்கள் பாதிக்கப்பட்டார்கள். அவர்களில் 159 பேர் மருத்துவமனையில் சேர்க்கப்பட்டார்கள். தோழி ஒருத்தி ஆஸ்பத்திரிக்குப் போகிறாள், திரும்பி வரவில்லை. எங்கே இருக்கிறாள்? எப்படி இருக்கிறாள்? நம்பும்படியாகப் பதில் சொல்ல ஆளில்லை. அப்போதுதான் போனில் அந்தச் செய்தி பரவ ஆரம்பித்தது. 'சில பேர் செத்துட்டாங்க, மறைக்கிறாங்க.'

17-ம் தேதி இரவு ஆயிரக்கணக்கான பெண்கள் ரோட்டுக்கு வந்துவிட்டார்கள். சென்னை - பெங்களூரு நெடுஞ்சாலை மறுநாள் வரை ஸ்தம்பித்தது. யாரும் இறக்கவில்லை என்று அதிகாரிகள் திரும்பத் திரும்ப விளக்க வேண்டியிருந்தது. வதந்தி பரப்பியதாகக் கைதுகளும் நடந்தன.

இப்போ சொல்லுங்க, அந்த மெசேஜ் உண்மையா, பொய்யா?

பாதிப் பொய், பாதி நிஜம்

இங்கேதான் மேட்டரே இருக்கு. 'யாரோ இறந்துட்டாங்க' என்பது பொய். சுத்தப் பொய். ஆனால் ஃபுட் பாய்சன்? நிஜம். விடுதியில் குறைகள்? அதுவும் நிஜம். ஒரே அறையில் 6 பேர் முதல் 30 பேர் வரை தரையில் படுத்துத் தூங்கியதாக அங்கே தங்கியிருந்த பெண்கள் ராய்ட்டர்ஸிடம் சொன்னார்கள். டிசம்பர் 29-ம் தேதி ஆப்பிள் நிறுவனமே, சில தங்குமிடங்களும் சாப்பாட்டு அறைகளும் தன்னுடைய தரத்துக்கு இல்லை என்று சொல்லி அந்த ஆலையைக் கண்காணிப்பின் கீழ் வைத்தது. டிசம்பர் 18-ல் நின்ற உற்பத்தி 2022 ஜனவரி 12-ல்தான் மறுபடி தொடங்கியது.

இப்போ நம்ம டெஸ்ட்டுக்கு வாங்க. 'அ' போட்டவர் ஒரு பொய்யைப் பத்து வீட்டுக்குக் கொண்டு போனார். சரி, தப்பு புரிகிறது. 'ஆ' போட்ட புத்திசாலிக்கு ஏன் ஜீரோ? அவர் பொய்யைத் தூக்கிப் போடுகிற அவசரத்தில், ஆஸ்பத்திரியில் கிடந்த 159 பேரையும் சேர்த்துத் தூக்கிப் போட்டுவிட்டார். தண்ணீரை வடிக்கிறேன் என்று சோற்றையும் சாக்கடையில் கொட்டின கதை. 'இ' போட்டவரைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். பக்கத்து ரூமில் ஒருத்தி வாந்தி எடுத்துக்கொண்டிருந்தாலும் அவருக்குத் தெரிந்திருக்காது.

நமக்குக் காலேஜில் சொல்லித் தருகிற 'டிஜிட்டல் விழிப்புணர்வு' எல்லாம் இது உண்மை, இது ஃபேக் என்று சீல் குத்துகிற வேலையாகவே இருக்கிறது. வாழ்க்கையில் வருகிற ஃபார்வர்டுகள் அப்படி நீட்டாகப் பிரிந்து வருவதில்லை பாஸ். ஒரே மெசேஜுக்குள் மூணு செய்தி இருக்கும். ஒவ்வொன்றையும் தனித்தனியாகப் பிரித்து, 'இது யாரு சொன்னா? அவங்க நேர்ல பாத்தாங்களா?' என்று கேட்கிற பழக்கம் இருக்கிறதே, அதுதான் படிப்பு.

இன்னொரு விஷயம். நல்ல தகவல் வராத இடத்தில்தான் வதந்தி வரும். அந்தப் பெண்களை 'படிக்காதவங்க, ஏமாந்துட்டாங்க' என்று யாராவது சொன்னால் நம்பாதீங்க. அவர்கள் கேட்டது நியாயமான கேள்வி. பதில் சொல்ல வேண்டியவர்கள் வாயைத் திறக்கத் தாமதித்தார்கள். காலியாகக் கிடந்த அந்த இடத்தில் வதந்தி வந்து உட்கார்ந்துகொண்டது.

ஒரு வீடியோ, வாலை வெட்டினால்...

'சரி விடுங்க, ஒரு ஃபார்வர்டுதானே, என்ன ஆகிடப் போகுது' என்று நினைக்கிறீர்களா? 2018 மே 9-ம் தேதி. சென்னையைச் சேர்ந்த 65 வயசுப் பெண்மணி ஒருவர், உறவினர்களோடு திருவண்ணாமலை மாவட்டம் போளூர் பக்கம் குலதெய்வம் கோயிலுக்குப் போகிறார். வழியில் குழந்தைகளைப் பார்த்து ஆசையாகச் சாக்லேட் கொடுக்கிறார். அந்த வாரங்களில் 'பிள்ளை பிடிக்கிறவங்க வந்திருக்காங்க' என்ற வாட்ஸ்அப் செய்தி வட தமிழகம் முழுக்கச் சுற்றிக்கொண்டிருந்தது. கூட்டம் கூடியது. அடித்தே கொன்றுவிட்டார்கள். கூட வந்தவர்களுக்கும் படுகாயம்.

அந்த வருஷம் இந்தியா முழுக்கச் சுற்றிய கடத்தல் வீடியோக்களில் ஒன்று எங்கிருந்து வந்தது தெரியுமா? கராச்சியில் எடுத்த ஒரு விழிப்புணர்வுப் படம். பைக்கில் வருகிற இருவர் ஒரு குழந்தையைத் தூக்கிக்கொண்டு போவார்கள், பிறகு திரும்பி வந்து இறக்கிவிட்டு, 'ஒரு குழந்தையைக் கடத்துவது எவ்வளவு சுலபம், ஜாக்கிரதை' என்று அட்டையைக் காட்டுவார்கள். யாரோ அந்தக் கடைசிப் பகுதியை மட்டும் வெட்டி எடுத்துவிட்டார்கள். அவ்வளவுதான். குழந்தைகளைக் காப்பாற்ற எடுத்த படம், ஆளைக் கொல்லும் ஆயுதமாகிவிட்டது.

இனி நம்ம ஒரகடத்துக்கே திரும்புவோம். அங்கே டீக்கடையில் நின்றால் தமிழ் அளவுக்கு இந்தியும் காதில் விழும். பீகார், ஒடிசா, ஜார்கண்ட் என்று எங்கிருந்தெல்லாமோ வந்து வேலை பார்க்கிறார்கள். 2023 மார்ச்சில், 'தமிழ்நாட்டில் பீகார் தொழிலாளர்களை வெட்டுகிறார்கள்' என்று வீடியோக்கள் வட மாநிலங்களில் தீயாகப் பரவின. அதில் ஒன்று, திருப்பூரில் பீகார்க்காரர்கள் இரண்டு கோஷ்டியாகத் தங்களுக்குள் போட்டுக்கொண்ட சண்டை. இன்னொன்று, கோவையில் உள்ளூர்க்காரர்கள் தங்களுக்குள் போட்டுக்கொண்டது. அப்போதைய டி.ஜி.பி. சைலேந்திர பாபுவே இதை விளக்கினார். பீகார் அரசின் குழு இங்கே வந்து பார்த்தது. யூடியூபர் ஒருவர் கைதானார்.

ஆனால் யோசித்துப் பாருங்க. இங்கே ஷிஃப்ட் முடித்து ரூமுக்கு வந்த பத்தொன்பது வயசுப் பையன் நிம்மதியாகச் சப்பாத்தி தேய்த்துக்கொண்டிருக்கிறான். ஆயிரத்துச் சொச்சம் கிலோமீட்டர் தள்ளி அவன் அம்மா அந்த வீடியோவைப் பார்த்துவிட்டு அழுதுகொண்டே போன் போடுகிறார். 'வேலையும் வேணாம், ஒண்ணும் வேணாம், கிளம்பி வந்துடு.' பையனுக்கு உண்மை தெரியும். அம்மாவுக்கு யார் சொல்வது?

செமினார் ஹாலில் என்ன நடக்குது?

நம்ம காலேஜ் மேட்டருக்கு வருவோம். வருஷத்துக்கு ஒரு தடவை 'சைபர் விழிப்புணர்வு' செமினார். குத்துவிளக்கு, பொக்கே, பொன்னாடை. ஒரு மணி நேரம் ஸ்லைடு. கடைசி பெஞ்சில் பாதிப் பேர் ரீல்ஸ், மீதிப் பேர் தூக்கம். வெளியே வரும்போது ஓ.டி. அட்டெண்டன்ஸ். இதில் யாராவது மாறுவார்களா?

இந்தக் கேள்வியை நிஜமாகவே ஆராய்ச்சி செய்திருக்கிறார்கள். அதுவும் அந்த அம்மா இருக்கிற பீகாரிலேயே! 2019 நாடாளுமன்றத் தேர்தல் சமயத்தில் சுமித்ரா பத்ரிநாதன் என்ற ஆய்வாளர், கயாவில் 1,224 பேரை எடுத்துக்கொண்டார். அதில் ஒரு பகுதியினருக்கு வீடு தேடிப் போய், பொய்ச் செய்தியைக் கண்டுபிடிப்பது எப்படி என்று ஏறத்தாழ ஒரு மணி நேரம் சொல்லித் தரப்பட்டது. ரிசல்ட்? பொதுவாகப் பார்த்தால் சொல்லிக்கொள்ளும்படி மாற்றம் எதுவும் இல்லை. ஒரு மணி நேர செமினாருக்கு வீடு தேடிப் போனாலும் கதை அவ்வளவுதான்.

அவர் விடவில்லை. வேறு ஆய்வாளர்களோடு சேர்ந்து அடுத்த தடவை ஆளையும் மாற்றினார், முறையையும் மாற்றினார். இந்த முறை டீன் ஏஜ் பசங்க. பீகாரில் 583 கிராமங்கள், 13,500-க்கும் மேற்பட்ட மாணவர்கள். ஒரே நாள் கூத்து இல்லை. சில வாரங்களுக்கு நடந்த வகுப்புகள். ஊரில் இருக்கிற லைப்ரரியில், தெரிந்த பசங்களோடு சேர்ந்து உட்கார்ந்து படிக்கிற கிளாஸ். பாதிப் பேருக்கு இந்தப் பாடம், ஒப்பிட்டுப் பார்ப்பதற்காக மீதிப் பேருக்கு இங்கிலீஷ் கிளாஸ்.

இந்தத் தடவை வேலை செய்தது. எது நம்பத் தகுந்த செய்தி, எது இல்லை என்று பிரிப்பதில் அந்தப் பசங்க தேறினார்கள். மாதங்கள் கழித்துக் கேட்டபோதும் மறக்கவில்லை. சொல்லித் தந்தது பெரும்பாலும் உடல்நலம் பற்றிய வதந்திகள். ஆனால் அரசியல் வதந்திகளைப் பார்க்கும்போதும் அதே புத்தியைப் பயன்படுத்தினார்கள். எல்லாவற்றையும்விட செம மேட்டர் எது தெரியுமா? கிளாஸ் பக்கமே வராத அப்பா அம்மாவுக்கும் அந்தப் பழக்கம் தொற்றிக்கொண்டது!

பக்கத்து மாநிலம் கேரளா இதை முன்னாலேயே ஆரம்பித்துவிட்டது. 2018-ல் கண்ணூர் மாவட்ட அரசுப் பள்ளிகளில் 'சத்யமேவ ஜெயதே' என்ற பெயரில் பொய்ச் செய்தி பற்றிய வகுப்புகள். பிறகு 2022-ல் அதே பெயரில் மாநிலம் முழுக்க 19 லட்சத்துக்கும் மேற்பட்ட மாணவர்களுக்குப் பாடம் போனது.

இதிலிருந்து ஒரு விஷயம் பளிச்சென்று தெரிகிறது. இது தனி ஆளின் மூளை சமாச்சாரம் மட்டும் இல்லை. கூட்டாளிகளுக்குள் இருக்கிற பழக்கம். நம்ம செட்டில் ஒருத்தன் வாய் விட்டு 'யாரு சொன்னா?' என்று கேட்டால், அடுத்த தடவை இன்னொருத்தன் கேட்பான். ஒருத்தரும் கேட்காத செட்டில், மனசுக்குள் டவுட் வந்தவனும் சும்மா இருந்துவிடுவான். 'எதுக்கு வம்பு, மொக்கை போடுறான்னு ஓட்டுவாங்க.'

'போனைப் பிடுங்கிடுவாங்க!'

நம்ம ஊர் விழிப்புணர்வுக் கிளாஸில் இன்னொரு ஓட்டை இருக்கிறது. அது முழுக்க முழுக்கப் பயமுறுத்தல். 'போட்டோ போடாதே, பேசாதே, பார்க்காதே, போனே வேண்டாம்.' முக்கியமாகப் பெண்களுக்கு.

இதனால் என்ன ஆகிறது? ஒரு பெண்ணின் போட்டோவை மார்ஃபிங் செய்து எவனோ மிரட்டுகிறான் என்று வையுங்கள். அவள் வீட்டில் சொல்வாளா? சொன்னால் முதலில் போனைப் பிடுங்குவார்கள். அடுத்து காலேஜையோ வேலையையோ நிறுத்துவார்கள். அதனால் சொல்ல மாட்டாள். மிரட்டுகிறவனுக்கு வேண்டியதும் அதுதான். அவனுடைய முதலீடே அவள் மௌனம். பயத்தைச் சொல்லித் தருகிற கிளாஸ், ஒளிக்கக் கற்றுக்கொடுக்கிறது. 'என்ன ஆனாலும் எங்கிட்ட சொல்லு, நான் திட்ட மாட்டேன்' என்று சொல்ல ஒரு ஆள் இருந்தால், பாதி ஆபத்து அங்கேயே முடிந்தது. அந்த ஆள் அக்காவாக இருக்கலாம், மேடமாக இருக்கலாம், ரூம்மேட்டாக இருக்கலாம். ஏன், நீங்களாகவும் இருக்கலாம்.

நோட் பண்ணிக்கோங்க. ஆன்லைனில் பணம் போய்விட்டால் உடனே 1930-க்கு போன். எவ்வளவு சீக்கிரம் சொல்கிறீர்களோ, பணத்தை வழியிலேயே நிறுத்தி வைக்க அவ்வளவு வாய்ப்பு. பெண்களுக்கும் குழந்தைகளுக்கும் எதிரான இணையக் குற்றங்களை, மத்திய அரசின் சைபர் கிரைம் புகார் தளத்தில் பெயர் சொல்லாமலே பதிவு செய்யலாம். மிரட்டல் மெசேஜை மட்டும் அழித்துவிடாதீங்க. ஸ்கிரீன்ஷாட்தான் சாட்சி.

இந்த வார அசைன்மென்ட்

சரி, நீங்க என்ன செய்யணும்? நாலே விஷயம்.

ஒண்ணு: மெசேஜைப் பிரிச்சு மேயுங்க. மூணு செய்தி இருந்தால் மூணு கேள்வி. எங்கே, எப்போ, யாரு நேர்ல பார்த்தது? வாட்ஸ்அப்பில் இரட்டை அம்புக்குறி இருந்தால், அது பல கை மாறி வந்த சரக்கு. அனுப்பின ஆள் நல்லவராக இருக்கலாம், ஆனால் அவரும் நேரில் பார்த்திருக்க மாட்டார். 2020 ஏப்ரலில் இந்த மாதிரி மெசேஜை ஒரு நேரத்தில் ஒரு சாட்டுக்குத்தான் அனுப்பலாம் என்று வாட்ஸ்அப் கட்டுப்படுத்தியபோது, அவற்றின் பரவல் 70 சதவிகிதம் குறைந்ததாக அந்த நிறுவனம் சொன்னது. கொஞ்சம் கை தாமதித்தாலே இவ்வளவு வித்தியாசம்!

ரெண்டு: திருத்தும்போது தனியா திருத்துங்க. ஃபேமிலி குரூப்பில் எல்லார் முன்னாலும் 'பெரியப்பா, இது ஃபேக்' என்று போட்டால் பெரியப்பா குரூப்பை விட்டே போய்விடுவார். மறுபடி கல்யாண வீட்டில்தான் சமாதானம். தனியாக ஒரு போன். 'பெரியப்பா, நல்லா இருக்கீங்களா? நீங்க அனுப்பினதை விசாரிச்சேன், அது பழைய வீடியோவாம்.' அவரே போய் டெலிட் செய்வார்.

மூணு: உங்க பழைய பெஞ்ச்மேட்டை மறக்காதீங்க. பிளஸ் டூவுக்கு அப்புறம் ஸ்ரீபெரும்புதூருக்கோ ஒரகடத்துக்கோ வேலைக்குப் போன தோழிக்கு, தோழனுக்கு வாரம் ஒரு போன். 'அந்தக் கம்பெனியில ஆள் எடுக்கிறாங்களாம், ரெஜிஸ்ட்ரேஷனுக்கு ரெண்டாயிரம் ஜிபே பண்ணணுமாம்' என்று அவள் கேட்டால், 'வேலை குடுக்கிறவன் நமக்குத்தானே காசு குடுக்கணும், நாம ஏன் குடுக்கணும்?' என்று சொல்ல ஒரு ஆள் வேணும். உங்களுக்கு லைப்ரரி இருக்கிறது, நேரம் இருக்கிறது, கேட்க புரொஃபசர் இருக்கிறார். எட்டு மணி நேரம் நின்றுகொண்டே வேலை பார்த்துவிட்டு வருகிறவளுக்கு நீங்கதான் லைப்ரரி. அவளுக்கும் உங்களுக்குச் சொல்லித் தர நிறைய இருக்கும். உங்க கையில் இருக்கிற போனுக்குள்ளே என்ன இருக்கிறது என்று அவளைக் கேளுங்க.

நாலு: உங்க என்.எஸ்.எஸ். ஆபீசரிடம் போய்க் கேளுங்க. 'சார், ஒரு நாள் செமினாருக்குப் பதில் நாலு வாரம், வாரம் ஒரு கிளாஸ் வைக்கலாமா? பக்கத்து கவர்மென்ட் ஸ்கூல் ஒன்பதாம் வகுப்புப் பசங்களுக்கு நாங்களே எடுக்கிறோம்.' ஸ்பெஷல் கேம்ப்பில் மரம் நடுவது மாதிரிதான் இதுவும். நட்டுவிட்டு வந்தால் போதாது, தண்ணீர் ஊற்றப் போகணும்.

கடைசியா, அந்த டெஸ்ட்டுக்கு விடை. 'ஈ' என்று ஒன்று இருந்திருக்கணும். அந்த மெசேஜ் வந்ததும் ஹாஸ்டலில் இருக்கிற தோழிக்குப் போன் போடுவது. 'நீ நல்லா இருக்கியா? யாருக்கு உடம்பு சரியில்லை? எந்த ஆஸ்பத்திரி? வார்டன் என்ன சொல்றாங்க?' தெரிந்ததைத் தெரிந்த அளவுக்கு மட்டும் குரூப்பில் போடுவது. 'யாரும் இறக்கலை. பன்னெண்டு பேர் ஆஸ்பத்திரியில இருக்காங்க. சாப்பாடு சரியில்லைங்கிறது உண்மை. காலையில எல்லாரும் சேர்ந்து போய்ப் பிரின்சிபாலைக் கேப்போம்.'

பொய்யும் நின்றது, கேள்வியும் நிற்கவில்லை. இதுக்குத்தான் பாஸ் ஃபுல் மார்க்.

அடுத்த வாரம் பார்க்கலாம். இந்தப் பக்கத்தை ஃபார்வர்டு பண்றதா இருந்தால், அதுக்கு முன்னாடியும் ஒரு தடவை கேட்டுடுங்க... யாரு சொன்னா?